கனவின் நீளமும் காலை நினைவும்

1930-இல் கே. ஏ. கிருஷ்ணசாமி ஐயரின் பெரிய ஆங்கில நூல் ஒன்று வெளியானது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘வேதாந்தம் அல்லது மெய்ப்பொருளின் அறிவியல்’. 1936-இல் மைசூர் ராமகிருஷ்ண ஆசிரமம், மாண்டூக்ய உபநிடதத்தைக் கௌடபாதரின் காரிகைகளோடும் சங்கரர் உரையோடும் சுவாமி நிகிலானந்தரின் மொழிபெயர்ப்பில் வெளியிட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் வி. சுப்பிரமணிய ஐயர். மைசூர் பல்கலைக்கழகத்தின் பதிவாளராக இருந்தவர். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு வேதாந்தம் சொன்னவர். ஆசிரமத் துறவிகளுக்குப் பாடம் நடத்தியவர். ரமணரைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற பால் பிரண்டனும் பின்னர் மைசூருக்கு வந்து இவரிடம் பாடம் கேட்டார். கிருஷ்ணசாமி ஐயரின் மாணவரான சுப்பராவ் துறவு பூண்டு சச்சிதானந்தேந்திர சரஸ்வதி ஆனார். ஹொளெநரசீபுரத்திலிருந்து இதே பொருளைப் பற்றி நூல் நூலாக எழுதினார்.

இவர்கள் அத்தனை பேரும் விடாமல் பற்றிக்கொண்ட பொருள் அவஸ்தாத்ரயம்: விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்ற மூன்று நிலைகள். விழிப்பில் உட்கார்ந்துகொண்டு விழிப்பை மட்டும் ஆராய்ந்து உலகம் இன்னது என்று தீர்ப்புச் சொல்வது அரைகுறை வழக்கு, மூன்றையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த விசாரணை முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது ஒரே ஆணியில்தான். அது, விழித்த பின் கனவு நினைவுக்கு வருகிறது என்னும் உண்மை. கனவில் ஓடியவனின் கால்கள் படுக்கையில் கிடந்தவனுடையவை அல்ல; கனவில் அவனுக்கு வேறு ஊர், வேறு வயதுகூட இருக்கலாம். ஆனாலும் காலையில் எழுபவன் “நான் கண்டேன்” என்கிறான். அந்த ‘நான்’ எப்படிக் கடந்து வந்தது? இரண்டுக்கும் பொதுவான சாட்சி ஒன்று இருக்கிறது என்று அவர்கள் விடை சொன்னார்கள்.

அந்த விடை சரியா என்பதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய ஒரு கேள்விதான் என் கவலை. காலையில் கைக்கு வந்து சேரும் கனவு எவ்வளவு நம்பத்தக்கது? அதிலும், இது கனவு என்று தெரிந்துகொண்டே வெகுநேரம் உலவிய ஒரு கனவு?

இத்தகைய கனவை ஆங்கிலத்தில் லூசிட் ட்ரீம் என்பார்கள். டச்சு எழுத்தாளரும் மனநல மருத்துவருமான பிரெடெரிக் வான் ஈடன் 1913-இல் அந்தப் பெயரைப் பரவலாக்கினார். தமிழில் தெளிவுக் கனவு எனலாம். இது அபூர்வ சித்தி அன்று. 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் 55 சதவீதம் பேர் வாழ்வில் ஒரு முறையாவது இத்தகைய கனவைக் கண்டிருந்தார்கள். மாதத்துக்கு ஒன்றோ அதற்கு மேலோ காண்பவர்கள் சுமார் 23 சதவீதம். பெரும்பாலும் அவை குறுகியவை. “அட, கனவு!” என்ற வியப்பிலேயே விழிப்பு வந்துவிடும். நீண்டு நிற்பவை சிலவே. அவற்றைக் கண்டவர்கள் எழுந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, அது மணிக்கணக்காக நடந்தது என்பது.

கௌடபாதர் தம் காரிகையின் இரண்டாம் பகுதியில் இந்த நீளத்தின்மேல்தான் கை வைக்கிறார். கனவில் தூர தேசம் போய்வந்தவன் உண்மையில் போகவில்லை, ஏனெனில் அதற்கான நேரமே இல்லை. விழிக்கும்போது அவன் அந்தத் தேசத்திலும் இல்லை என்கிறார். யோகவாசிட்டத்து லவண மன்னன் கதை இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறது. ஜாலவித்தைக்காரன் மயிற்பீலியை அசைத்த சிறுபொழுதில் மன்னன் காட்டு வேடர் குடியில் மணம் முடித்து, பிள்ளை பெற்று, பஞ்சத்தில் அலைந்து, ஒரு முழு வாழ்வை வாழ்ந்துவிட்டுச் சபையில் கண் திறக்கிறான். வீரை ஆளவந்தாரின் ஞானவாசிட்டம் வழியாகத் தமிழ் மடங்களிலும் ஓதப்பட்ட கதை இது. நொடியில் ஓர் ஆயுள் என்ற எண்ணம் நம் மரபுக்கு மட்டும் உரியதும் அன்று. பிரான்சின் ஆல்பிரட் மோரி, 1861-இல் வெளிவந்த நூலில், புரட்சிக்கால விசாரணை, தீர்ப்பு, கில்லட்டின் எனத் தாம் கண்ட நீண்ட கனவை எழுதினார். கத்தி விழுந்த கணத்தில் விழித்தால், கட்டிலின் கம்பி கழுத்தில் விழுந்திருந்ததாம். அந்த அடி பட்டபின் நொடியில் கனவு முழுவதும் உண்டாகிவிட்டது என்பது அவர் முடிவு.

இந்த முடிவு சோதனைக்கு வந்தபோது நிற்கவில்லை. கண்மணிகள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் உறக்கக் கட்டத்தை 1953-இல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் சிகாகோவில் கண்டறிந்தார்கள். ஆர்.இ.எம். உறக்கம் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 1957-இல் டிமெண்டும் கிளைட்மனும், அந்தக் கட்டம் தொடங்கி 5 நிமிடத்திலோ 15 நிமிடத்திலோ உறங்குபவரை எழுப்பி, எவ்வளவு நேரம் கனவு கண்டீர்கள் என்று கேட்டார்கள். 111 முறையில் 92 முறை விடை சரியாக இருந்தது. கனவின் கடிகாரம் நம் கடிகாரத்தைப் பெரும்பாலும் ஒட்டியே ஓடுகிறது. தெளிவுக் கனவு காண்பவர்களைக் கொண்டு பின்னர் நடந்த சோதனைகளும் அதையே காட்டின. கனவுக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ணினால் விழிப்பில் எண்ணும் நேரமே ஆகிறது. குந்தி எழும் பயிற்சியைச் செய்தால் இன்னும் கூடுதலாகத்தான் ஆகிறது. நொடியில் ஓர் ஆயுள் என்பதற்கு இங்கே இடமில்லை.

அதே 1957 கட்டுரையில் இன்னொரு செய்தி இருக்கிறது. நம் கேள்விக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 30 முதல் 50 நிமிடம் வரை கனவுக் கட்டத்தில் இருந்தவர்களை எழுப்பியபோது, மிக நெடிய கனவு கண்டதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்ன கதை, 15 நிமிடத்தில் எழுப்பப்பட்டவர்கள் சொன்னதைவிட அதிகம் நீளவில்லை. நீண்டது என்ற உணர்வு வந்து சேர்கிறது, நீளத்தை நிரப்பிய பொருள் வந்து சேர்வதில்லை.

இதை என் அனுபவத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. மைசூரில் ஒரு விடியற்காலையில் கண்ட கனவு. சாமுண்டி மலையின் அடிவாரத்தில் நிற்கிறேன். பெண்கள் ஒவ்வொரு படியிலும் மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறும் பழைய படிக்கட்டு. ஒரு படியில் குங்குமம் நீலமாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், விரலிலும் நீலம். இது கனவு என்று அப்போது தெரிந்துவிட்டது. மேலே போய் ஊரைப் பார்ப்பது என்று முடிவு செய்து ஏறினேன். எழுந்தவுடன் என் மனத்தில் இருந்த வாக்கியம், மலை முழுக்க ஏறிவிட்டேன் என்பது. உடனே எழுதிப் பார்த்தால் இருந்தவை இவ்வளவுதான்: அடிவாரம், நீலக் குங்குமம், உப்பு மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரியை நீட்டிய ஒரு கிழவர், எழுநூறாவது படியை ஒட்டிய பெரிய நந்தியின் குளம்பு, அதன்மேல் வைத்த உள்ளங்கையில் கல்லின் குளிர்ச்சி, கீழே வெள்ளையாக லலித மகால். ஆயிரம் படி ஏறிய களைப்பு நினைவில் அப்படியே இருந்தது. ஏறிய படி ஒன்றுகூட இல்லை. அடிவாரத்துக்கும் கிழவருக்கும் நடுவில் நான் நடந்தேனா, கனவு நேரே தாவிவிட்டதா என்று எவ்வளவு துழாவியும் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று மாலை ஒருவரிடம் சொல்லும்போது “ஏறிக்கொண்டே போனேன், வழியில் ஒரு கிழவர்” என்று நடுவிடத்தைத் தானாக நிரப்பிவிட்டேன். மறுநாளிலிருந்து அந்த நடையும் கனவின் பகுதியாகவே நினைவில் இருக்கிறது. குளம்பின் குளிர்ச்சியை நான் நம்புகிறேன். நடையை நம்புவதற்கில்லை.

எழுந்தபின் மனம் கனவை ஒழுங்குசெய்து கதையாக்குகிறது என்பதைப் பிராய்ட் 1900-இலேயே சொன்னார். தெளிவுக் கனவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அங்கே அறிவு விழித்திருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். அறிவு விழித்திருப்பதும் பதிவு நடப்பதும் வேறு வேறு. ஆர்.இ.எம். உறக்கத்தில் மூளையில் நோர்அட்ரினலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. புதிய அனுபவத்தை நினைவில் ஊன்றச் செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டது இன்னும் கூர்மையானது. ஹைப்போதலாமஸில் உள்ள ஒருவகை நரம்பணுக்கள் இந்த உறக்கத்தின்போது இயங்கி, நினைவு படிவதைத் தடுக்கின்றன. மறதி தற்செயலாக நேர்வதில்லை, உடலே அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறது என்று கொள்ள இது இடம் தருகிறது. இரவெல்லாம் கண்டதையும் பகலில் கண்டதையும் ஒரே பேரேட்டில் எழுதினால் மனிதனால் வாழ முடியாது என்பதால், இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

ஆகவே கனவு தப்பிப் பிழைப்பது விழிக்கும் விதத்தைப் பொறுத்தது. பிரான்சின் லியோன் நகரில் பெரின் ரூபி குழுவினர், கனவை அடிக்கடி நினைவுகூர்பவர்களையும் அரிதாகவே நினைவுகூர்பவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகையினர் உறக்கத்தின் நடுவே விழித்திருந்த நேரம் சராசரியாக 30 நிமிடம், இரண்டாம் வகையினர் அதில் பாதி. நடுநடுவே விழித்துக்கொள்பவரிடம்தான் கனவு தங்குகிறது. விழித்த உடனே செய்யும் காரியமும் முக்கியம். 1973-இல் கோஹன், வுல்ஃப் என்ற இருவர் செய்த எளிய சோதனை இது: எழுந்ததும் தொலைபேசியில் வானிலை விவரம் கேட்டுக் குறித்துவிட்டு அதன் பிறகே கனவை எழுதியவர்களுக்கு, நேரே கனவை எழுதியவர்களைவிட நினைவு மிகவும் குறைந்திருந்தது. தலையணைக்கு அடியில் செல்போன் வைத்துப் படுக்கும் நாம் தினமும் அதே சோதனையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

தெளிவுக் கனவு மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நிற்பதற்குக் காரணம் பல சொல்லப்படுகின்றன. முன்மூளையின் சில பகுதிகள் அப்போது கூடுதலாக இயங்குகின்றன. வியப்பும் மகிழ்ச்சியும் சேர்ந்திருக்கின்றன. கனவுக்குள்ளேயே “இதை மறக்கக் கூடாது” என்று தீர்மானிக்க முடிகிறது. இவையெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதிகம் பேசப்படாத எளிய காரணம் ஒன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. இவை விடியலை ஒட்டிய நீண்ட ஆர்.இ.எம். கட்டத்தில் வருகின்றன, பெரும்பாலும் நேரே விழிப்பில் முடிகின்றன. மறக்கப்பட்ட தெளிவுக் கனவுகள் நம் கணக்கில் வருவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்றாக நினைவிருக்கிறது என்று சொல்லும்போது, நினைவில் நின்றவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

நீண்ட கனவு முறையாக நினைவில் நிற்க இன்னொரு வழியும் உண்டு, அதைத் தமிழ் இலக்கியமே காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தேவந்தியிடம் சொல்லும் கனவில் நிகழ்ச்சிகள் தாவித் தாவி வருகின்றன: ஊர், பழி, மன்னன் முன் வழக்கு, கேடு. ஆண்டாள் தோழிக்குச் சொல்லும் திருமணக் கனவோ பத்துப் பாட்டு முழுக்க ஒழுங்காக நகர்கிறது. ஊர் அலங்காரம், பந்தல், காப்பு, கைத்தலம் பற்றுதல், தீவலம், அம்மி மிதித்தல், பொரி, யானைமேல் ஊர்வலம் என ஒன்றுகூடப் பிசகவில்லை. எல்லோருக்கும் வரிசை தெரிந்த ஒரு சடங்கில் கனவைக் கோத்துவிட்டால், அடுத்தது என்ன என்பதைச் சடங்கே எடுத்துக் கொடுக்கும். நினைவுக்கு இது பெரிய துணை. அதே அளவுக்கு ஆபத்தும்கூட, ஏனெனில் காணாத சடங்கையும் அது எடுத்துக் கொடுத்துவிடும். கவிதைக்கு அது தேவையான சுதந்திரம். கனவுக் குறிப்பு எழுதுபவர் அதனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நினைவு இவ்வளவு தடுமாறுமானால், கனவு என்ற அனுபவம் உறக்கத்தில் நடந்தது என்பதற்கே என்ன ஆதாரம்? இதை மேற்கில் நேருக்கு நேர் கேட்டவர் நார்மன் மால்கம், 1959-இல். விழித்தபின் சொல்லப்படும் கதையைத் தாண்டிக் கனவைச் சரிபார்க்க வழியே இல்லை என்றார். 1976-இல் டேனியல் டென்னட், கனவுகள் அனுபவமாக நிகழாமல் நினைவாகவே மூளையில் சேர்ந்து, எழும்போது ‘நடந்தது’ போலத் தோன்றலாமே என்று கேட்டார். நம் பக்கத்தில் சங்கரரும் பிரம்மசூத்திர உரையில், விழிப்பில் காண்பது அனுபவம், கனவில் காண்பது நினைவு என்று பிரித்திருக்கிறார். அவர் நோக்கம் வேறு, பௌத்த விஞ்ஞானவாதியை மறுப்பது. ஆனாலும் கேள்வியின் வேர் ஒன்றுதான்.

விடை 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்து உறக்க ஆய்வகத்தில் காகிதத்தில் வரையப்பட்டது. ஆர்.இ.எம். உறக்கத்தில் உடல் தசைகள் செயலிழந்திருக்கும். கண் தசைகள் அதற்கு விதிவிலக்கு. கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம், கனவு என்று தெரிந்ததும் கண்ணை முன்கூட்டிப் பேசிவைத்தபடி இடம் வலமாக அசைக்கச் சொல்லியிருந்தார். உடல் உறங்குகிறது, மூளை அலைகள் உறக்கத்தைக் காட்டுகின்றன. நடுவே ஒழுங்கான அலை அலையாகக் கண்ணின் சைகை. ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் இதைத் தனியே செய்து காட்டி 1981-இல் வெளியிட்டபின்தான் உலகம் ஏற்றது. காலையில் சொல்லும் கதைக்கு வெளியே, கனவு நடந்துகொண்டிருக்கும்போதே இட்ட கையெழுத்து கிடைத்தது. மால்கமின் வாதம் அதோடு முடிந்தது என்றே சொல்வேன்.

2021-இல் இது இன்னொரு படி முன்னேறியது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வகங்கள் 36 பேரிடம், கனவுக்குள் இருக்கும்போதே கேள்வி கேட்டு விடை வாங்க முயன்றன. எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டால், கண்ணை இருமுறை அசைத்து ஒருவர் விடை சொன்னார். மொத்தம் 158 முயற்சிகளில் சரியான விடை கிடைத்தது சுமார் 18 சதவீதத்தில். நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த செய்தி. எழுந்தபின் சிலர் நினைவுகூர்ந்த கேள்வியும் ஆய்வாளர் உண்மையில் கேட்ட கேள்வியும் ஒத்துப்போகவில்லை. கனவில் சரியாகக் கேட்டு, சரியாகக் கணக்குப் போட்டு, சரியாக விடையும் சொன்னவர், எழுந்தபின் பிசகாகச் சொல்கிறார். பிழை காண்பதில் இல்லை, கடந்து வருவதில் இருக்கிறது.

பயிற்சியால் இது மேம்படுமா என்றால், மேம்படும். பிரான்சின் ஹெர்வே த சாந்த்தெனி 13 வயதில் கனவுகளை எழுதவும் வரையவும் தொடங்கினார். 1867-இல் நூல் வெளியிட்டபோது அவரிடம் 1,946 இரவுகளின் கனவுகள் 22 குறிப்பேடுகளில் இருந்தன. அவர் தெளிவுக் கனவைத் தேடிப் புறப்படவில்லை. எழுதி எழுதி நினைவு கூர்மையானது; அதன்பின் கனவுக்குள்ளேயே “இது கனவு” என்ற அறிவு தானாக வந்தது. லபெர்ஜ் வகுத்த பயிற்சியும் நினைவுப் பயிற்சிதான். விடியலில் ஒரு கனவிலிருந்து விழித்தால், அதை முழுக்க நினைவுகூர்ந்து, அடுத்த முறை கனவு காணும்போது கனவு என்று ஞாபகம் வர வேண்டும் என்று மனத்தில் பதித்துக்கொண்டு மீண்டும் உறங்குவது. மைசூரில் பிறந்து வளர்ந்த ஏ. கே. ராமானுஜனின் நாட்குறிப்புகளை 2019-இல் நூலாக்கினார்கள். கவிதை வரைவுகளுக்கும் பயணக் குறிப்புகளுக்கும் நடுவே கனவுகளும் அதில் உள்ளன. எழுத்தாளர்கள் இதை யாரும் சொல்லித்தராமலே செய்துவந்திருக்கிறார்கள்.

என் கைவசம் உள்ள முறை சுருக்கமானது. விழித்ததும் கண் திறக்காமல், புரளாமல் கிடப்பது. கடைசிக் காட்சியைப் பிடித்துப் பின்னோக்கிப் போவது. முதலில் இடங்களையும் பொருள்களையும் ஒற்றைச் சொற்களாக எழுதிவிட்டு, நடுவே தெரியாத இடத்தில் வெற்றிடம் விடுவது. யாரிடமும் சொல்வதற்கு முன் எழுதுவது. வெற்றிடம் விடுவதுதான் கடினம். இரவில் அலாரம் வைத்து எழுந்து பழகுபவர்கள் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தெளிவுக் கனவுப் பயிற்சியில் இறங்கவே கூடாது.

மைசூருக்கு மேற்கே சுமார் 80 கிலோமீட்டரில், அதே மாவட்டத்தில், பைலகுப்பே திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது. பேனோர் ரின்போச்சே 1963-இல் அங்கே நிறுவிய நம்ட்ரோலிங் மடம் நியிங்மா மரபைச் சேர்ந்தது. கனவுக்குள் விழிப்பதைச் சாதனையாகவே வைத்திருக்கும் கனவு யோகம் நியிங்மா, கக்யு மரபுகளில் நூற்றாண்டுகளாகக் கைமாறி வருகிறது. அதன் பயிற்சி பகலில் தொடங்குகிறது: காண்பதையெல்லாம் கனவென்று எண்ணிப் பழகுவது. பெங்களூரு நிம்ஹான்ஸ் உறக்க ஆய்வகம் விபஸ்ஸனா தியானிகளின் உறக்கத்தைப் பதிவு செய்து 2010-இல் வெளியிட்டது. பயிலாதவர்களைவிட அவர்களிடம் ஆழ்ந்த உறக்கமும் ஆர்.இ.எம். உறக்கமும் கூடுதலாக இருந்தன. 1924-இல் எம். வி. கோபாலசாமி தொடங்கிய உளவியல் துறை மைசூரிலேயே இருக்கிறது. கனவு யோகத்தில் நெடுங்காலம் பழகிய துறவி ஒருவர் சம்மதித்து, கனவின் ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணால் சைகை தந்து, எழுந்தபின் அதே கனவைச் சொன்னால், சைகைப் பதிவையும் சொன்ன கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே எது நழுவியது என்று பார்த்துவிடலாம். நான் காண விரும்பும் சோதனை இது.

அதில் கிருஷ்ணசாமி ஐயருக்கும் சுப்பிரமணிய ஐயருக்கும் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கும். அவர்கள் விசாரணையில் நினைவு ஒருவழியாகவே போகிறது: விழித்தவன் கனவை நினைக்கிறான், கனவு காண்பவன் விழிப்பை நினைப்பதில்லை. தெளிவுக் கனவு காண்பவனோ நந்தியின் முன் நின்றுகொண்டே, தன் உடல் வேறிடத்தில் ஒரு கட்டிலில் கிடக்கிறது என்பதை நினைக்கிறான். எழுந்ததும் எழுத வேண்டும் என்பதையும் நினைக்கிறான். ஹெர்வேயின் குறிப்பேடுகளும் லபெர்ஜின் பயிற்சியும் காட்டுவது, இந்த இரண்டு நினைவும் ஒரே தசையால் நடப்பவை என்பதைத்தான். ஒன்றைப் பழக்கினால் மற்றது வலுக்கிறது. அப்படியானால் இரண்டு நிலைக்கும் பொதுவாக நிற்பதாக அவர்கள் சொன்ன சாட்சியை, காலையில் எழுந்து ஊகித்து அறிய வேண்டியதில்லை. கனவு கலைவதற்கு முன்பே, அதற்குள்ளேயே நின்று தேடலாம்.